சமையல் சேனலுக்கு ஓர் ஆடிட்டர்: கோவை அலுவலகம் ஒன்றின் வரிச் சேவை

யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் காணொளி போட்டுச் சம்பாதிப்பவர்களுக்கென்றே கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகம் ஆண்டுச் சேவை ஒன்றை நடத்துகிறது. வீட்டிலிருந்தே சமையல் சேனல் நடத்தும் எனக்கு 2024-25 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்கள் அவர்கள்தாம். கட்டணம் 12,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 14,160 ரூபாய். பட்டயக் கணக்காளர்கள் தமக்கு விளம்பரம் தேடிக்கொள்வதற்கு அவர்களுடைய தொழில் விதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதாலும், குறைகளையும் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதாலும் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்பதில் இவர்கள் காட்டும் கறார் பாராட்டத்தக்கது. கட்டணத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதிலும் தேதிகளை நினைவூட்டுவதிலும் இவர்கள் தேற வேண்டியிருக்கிறது.

யூடியூப் வருமானத்தை ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் காட்டிவிட்டுச் செலவு எதையும் கழிக்காமல் வரி கட்டுகிறவர்கள் நிறைய உண்டு. தொடர்ந்து, திட்டமிட்டு, வருவாய்க்காகவே செய்யும் வேலை என்றால் அது தொழில் வருமானம்; சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 என்ற வரிக்கணக்குப் படிவம் அதற்குப் பொருந்தாது, ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 தான் வழி. தொழில் வருமானம் என்று ஆனபிறகு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவின்படி, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த, சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இல்லாத எதையும் கழிக்கலாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கழிவும் போய்விடும் என்று எண்ணுவது பரவலான குழப்பம். அந்த முறையில் இல்லாமற்போவது எல்ஐசி பிரீமியம் போன்ற 80சி கழிவும் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவும் போன்றவையே. கேமராவின் தேய்மானமும் (ஆண்டுதோறும் அதன் மதிப்பு குறைவதற்கான கழிவு) எடிட்டரின் சம்பளமும் அங்கேயும் கழியும். பழைய முறைக்குப் போக விரும்பும் தொழில் வருமானக்காரர் உரிய தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும் என்பதையும், அதிலிருந்து ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால் மீண்டும் பழையதற்குப் போக முடியாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுத்தார்கள்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அதற்கு அடுத்த கட்டத்தில் தெரிந்தது. அந்த ஆண்டில் எனக்கு மொத்த வரவு 18 லட்சம் ரூபாய்: யூடியூப் விளம்பரப் பங்கைக் கூகுள் தரும் ஆட்சென்ஸ் வழியாக 11 லட்சம், விளம்பரதாரர்களிடமிருந்து 5 லட்சத்து 80 ஆயிரம், பாத்திரங்களுக்கும் சமையல் கருவிகளுக்கும் வாங்கும் இணைப்பு (லிங்க்) கொடுத்ததற்கான கமிஷன் 1 லட்சத்து 20 ஆயிரம். எங்கள் தெருமுனையில் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் கடையில் கேட்டிருந்தால், கணக்குப் புத்தகம் ஏதும் வேண்டாம், சிறு வணிகர்களுக்கான 44ஏடி பிரிவில் வங்கி வழி வந்த வரவுக்கு 6 விழுக்காட்டை லாபமாகக் காட்டிவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படிக் காட்டினால் என் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய், வரி கிடையாது. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது.

அலுவலகத்தின் மூத்த ஆடிட்டர் அதை ஏற்கவில்லை. கமிஷன் வருமானம் ஈட்டுபவருக்கு 44ஏடி பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே, என் இணைப்புக் கமிஷன் முதலிலேயே இடறுகிறது. அடுத்ததாக, 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2024-25 நிதியாண்டின் கணக்குக்கான) ஐடிஆர் படிவங்களில் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கென்று 16021 என்ற தனிக் குறியீடு வந்திருக்கிறது. அது வணிகங்களின் வரிசையில் இல்லை, தொழில்முறைப் பணிகளின் வரிசையில் இருக்கிறது. அந்தக் குறியீட்டை வைத்துப் பலரும் தொழில்முறைப் பணியாளர்களுக்கான 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறார்கள். ரொக்கமாக வந்தது 5 விழுக்காட்டுக்கு மேல் போகாதவரை 75 லட்சம் ரூபாய் வரவு வரைக்கும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. ஆனால், படிவத்தில் ஒரு குறியீடு வந்துவிட்டதாலேயே சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட தொழில்களின் பட்டியல் நீண்டுவிடாது என்பது அவருடைய வாதம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், திரைக்கலைஞர் என்று போகும் அந்தப் பட்டியலில் சமையல் காணொளி போடுபவர் எங்கே நிற்கிறார் என்பது வாதத்துக்கு இடமானது.

ஆகவே, மூன்று வழிகளிலும் கணக்குப் போட்டு ஒரே தாளில் அருகருகே வைத்துக் காட்டினார்கள். 44ஏடிஏ வழியில் வருமானம் 9 லட்சம். உண்மைச் செலவுகளைக் கழித்தால், செலவு 8 லட்சத்து 60 ஆயிரம் போக வருமானம் 9 லட்சத்து 40 ஆயிரம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 40,000 ரூபாய்; அந்த ஆண்டின் புதிய வரிமுறையில் அது 10 விழுக்காட்டுப் படியில் விழுவதால், கூடுதல் வரி செஸ்ஸோடு சேர்த்து 4,160 ரூபாய். அந்த 4,160 ரூபாயைக் கொடுத்துவிட்டால் எந்த அதிகாரி எந்தப் பிரிவை வைத்துக் கேட்டாலும் கணக்கு நிற்கும் என்று சொன்னார்கள். லாபம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அந்தப் பட்டியலில் உள்ள தொழில் என்றே துறை வாதிட்டாலும் கணக்குத் தணிக்கை செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழாது. நான் ஒப்புக்கொண்டேன், ஐடிஆர்-3 தாக்கலானது. வரியைக் குறைத்துக் காட்டிப் பெயர் வாங்க நினைக்கும் ஆலோசகர் இந்தத் தாளைத் தந்திருக்க மாட்டார்.

செலவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்த விதம் இன்னும் சுவையானது. மளிகைச் செலவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சேனலுக்காகச் சமைத்ததை வீட்டார்தாம் சாப்பிடுகிறோம் என்பதை மறைக்க முடியாது. மாத மளிகை முழுவதையும் கழிக்க முடியாது என்பதும் நியாயம். அவர்கள் கேட்டது ஒரு படப்பிடிப்புக் குறிப்பேடு: தேதி, சமைத்த பண்டம், வாங்கிய பொருள், அதற்கான பில் எண், காணொளி வெளியான நாள். சீரகச் சம்பாவும் மரச்செக்கு எண்ணெயும் பில்லோடு வந்துவிடும். இறைச்சிக் கடைக்காரர் பில்லுக்கு எங்கே போவார்? அதற்கு, கடையின் பெயர், தொகை, நோக்கம் எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சரும் யூபிஐ பணப் பரிமாற்ற எண்ணும் போதும் என்றார்கள். ஒரே கறிக் குழம்பை, படப்பிடிப்பு சரியில்லை என்று இருமுறை சமைத்த நாள்களைக் குறிப்பேட்டில் தனியாகக் காட்டியிருந்ததால், அந்த இரண்டாம் முறைச் செலவும் கழிவில் ஏறியது.

சேலைகளை ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள். காணொளிக்காகவே வாங்கியவை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “இதே சேலையைக் கட்டிக்கிட்டு நீங்க கல்யாணத்துக்குப் போவீங்களா, மாட்டீங்களா மேடம்?” என்று ஆடிட்டர் கேட்டதும் பேச்சு அதோடு நின்றது. வெளியில் உடுத்தத்தக்க துணியும் அன்றாட ஒப்பனைப் பொருளும் சொந்தச் செலவுதான் என்பது அவர்கள் வைத்திருக்கும் கோடு. சேனலின் பெயர் அச்சிட்ட ஏப்ரனை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள்.

வாடகையில் அந்தக் கறார் எனக்குச் சாதகமாகவே அமைந்தது. மாதம் 18,000 ரூபாய் வாடகை கொடுக்கும் வீட்டில், படம் பிடிக்கும் சமையலறையும் எடிட்டிங் அறையும் சேர்ந்து பரப்பில் கால் பங்கு. வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் அந்த விகிதத்தில் வாடகையைக் கழிக்கலாம் என்பது சட்டம். அதன்படி ஆண்டுக்கு 54,000 ரூபாய். அளவு குறித்த வரைபடம் ஒன்றை நானே தாளில் வரைந்து கொடுக்கும்படியும், வாடகை ஒப்பந்தத்தின் நகலோடு அதைச் சேர்த்து வைக்கும்படியும் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்துக்கும் இணையக் கட்டணத்துக்கும் இதே போக்கில் விகிதம் வகுத்தார்கள்.

தேய்மானத்தைப் பற்றி ஒரு பாடமே நடத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். கேமராவும் மடிக்கணினியும் மூலதனப் பொருள்கள் என்பதால் வாங்கிய ஆண்டிலேயே முழு விலையும் கழியாது. கணினிக்கு 40 விழுக்காடு, கேமரா, விளக்கு, மைக் போன்றவற்றுக்குப் பொதுவாக 15 விழுக்காடு, மேசை நாற்காலிக்கு 10 விழுக்காடு என்று ஆண்டுதோறும் குறைந்துவரும் மதிப்பின் மேல் கணக்கிட வேண்டும். அந்த நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய பொருளுக்கு இந்த விகிதத்தில் பாதிதான். 2024 மே மாதம் வாங்கிய 80,000 ரூபாய் மடிக்கணினிக்கு 32,000 ரூபாய் கழிந்தது. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய 90,000 ரூபாய் கேமராவுக்கு 6,750 ரூபாய்தான் கிடைத்தது. அக்டோபர் தொடக்கத்துக்குள் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அது 13,500 ஆகியிருக்கும். தள்ளுபடி அதைவிடப் பெரியது என்பதால் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தேய்மானமும் இல்லை, அப்படிக் கொடுத்த செலவுக்குக் கழிவும் இல்லை என்பதால், எடிட்டருக்கு மாதாமாதம் கொடுப்பதை வங்கி வழியே மாற்றச் சொன்னார்கள்.

இலவசமாக வரும் பொருள்களைப் பற்றிச் சேனல் நடத்துபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த 194ஆர் பிரிவின்படி, ஒரு நிறுவனம் ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளையோ சலுகையையோ தொழில் தொடர்பாகக் கொடுத்தால் 10 விழுக்காடு டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி) உண்டு. எனக்கு ஒரு நிறுவனம் டில்டிங் கிரைண்டர், மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் சேர்த்து 24,000 ரூபாய் மதிப்புக்கு அனுப்பியிருந்தது. அவை என்னிடமே தங்கிவிட்டதால் அந்த மதிப்பும் வருமானத்தில் சேர்ந்தது. காணொளிக்குப் பிறகு திருப்பி அனுப்பும் பொருள் சலுகையாகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, இன்னொரு நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிய ஓவனின் கூரியர் ரசீதைக் கோப்பில் போட்டுவைத்தார்கள். வருமானமாகக் காட்டிய கிரைண்டரைச் சேனலுக்கே பயன்படுத்துவதால், காட்டிய மதிப்பையே அடக்கவிலையாகக் கொண்டு அதற்கும் தேய்மானம் கழித்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜிஎஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். சிங்கப்பூரில் உள்ள கூகுள் நிறுவனத்திடமிருந்து வரும் ஆட்சென்ஸ் பணம் ஏற்றுமதியாகக் கருதப்பட்டாலும், இந்த வரம்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும். நான் 18 லட்சத்தில் நிற்பதால் மாதந்தோறும் வரவைக் கவனிக்கச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் பிடிக்கப்படும் வரியில்தான் அலுவலகத்தின் திறமையும் அதன் குறையும் ஒருசேர வெளிப்பட்டன. தமிழ்ச் சமையல் சேனல்களுக்கு அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கணிசமான பார்வையாளர்கள். 2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்குக்கு யூடியூப் அங்குள்ள வரியைப் பிடிக்கிறது. ஆட்சென்ஸ் கணக்கில் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பி இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால் அந்தப் பங்குக்கு மட்டும் 15 விழுக்காடு. வரி விவரமே கொடுக்காத தனிநபருக்கு உலகெங்குமிருந்து வரும் மொத்த வருவாயில் 24 விழுக்காடு வரை போகலாம். எனக்கு அமெரிக்கப் பங்கு சுமார் 80,000 ரூபாய், பிடித்தது 12,000. வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையை மட்டும் வரவாகக் காட்டாமல், பிடித்ததையும் சேர்த்த முழுத் தொகையைக் காட்ட வேண்டும் என்பதை அவர்கள் சரியாகக் கவனித்தார்கள். பிடித்த வரிக்குக் கூகுள் தரும் 1042-எஸ் சான்று ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமானது, நம் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே மாத அறிக்கைகளைப் பிரித்துக் கோத்து, ஸ்டேட் வங்கியின் மாற்று விகிதத்தை ஒவ்வொரு மாதத்துக்கும் எடுத்துப் பட்டியல் போட்டார்கள். பொறுமை வேண்டும் வேலை அது.

பிடித்த வரியை இங்கே கட்டும் வரியில் ஈடுசெய்யப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். ஆனால், 12,000 ரூபாயும் முழுதாகத் திரும்பி வராது. அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி விழுகிறதோ அதற்கு மேல் ஈடு கிடையாது என்பது விதி. செலவு போக அமெரிக்கப் பங்கின் நிகர வருமானம் சுமார் 42,000 ரூபாய். என் சராசரி வரி விகிதம் 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆக, ஈடாகக் கிடைத்தது ஏறத்தாழ 2,000 ரூபாய். இதை அவர்கள் தாக்கல் செய்யும் முன்பே விளக்கியது நேர்மை. அதே படிவத்துக்கு, முதலில் பேசிய கட்டணத்தில் அடங்காது என்று சொல்லித் தனியாக 2,500 ரூபாய் கேட்டதைத்தான் செரிக்க முடியவில்லை. கிடைக்கும் ஈட்டைவிட அதைக் கோரும் கூலி அதிகம் என்றால், ‘உங்களுக்கு இது வேண்டுமா’ என்ற கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும்; பில் வந்தபிறகு நான் கேட்கும்படி ஆகியிருக்கக் கூடாது. யூடியூபர்களுக்கான சேவை என்று பெயர் வைத்துவிட்டு அமெரிக்க வரியை வெளியே நிறுத்துவது, சாப்பாட்டு விலையைச் சொல்லிவிட்டுச் சாம்பாருக்குத் தனிக் காசு வாங்குவது போல் இருக்கிறது.

இன்னொரு குறை முன்கூட்டிய வரி. ஆட்சென்ஸ் பணத்துக்கு இங்கே டிடிஎஸ் இல்லை. விளம்பரதாரர்களில் பலர் அப்போதைய வரம்பான 30,000 ரூபாய்க்குள் கொடுத்ததால் அவர்களும் அதிகம் பிடிக்கவில்லை. ஆகவே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் தவணையாக வரி கட்ட வேண்டிய நிலை. நினைவூட்டல் சேவையில் அடங்கும் என்று கட்டணத் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். ஜூனில் செய்தி வந்தது, மார்ச்சில் வந்தது. இடைப்பட்ட இரண்டு தவணைகளுக்கு வரவில்லை. தவணை தவறியதற்காக 234சி பிரிவில் ஏறிய வட்டி ஆயிரத்துச் சொச்சம்தான் என்றாலும், அது அலுவலகத்தின் கணக்கில் ஏற வேண்டியது என்றே இன்னமும் நினைக்கிறேன். கேட்டதற்கு, அந்தக் கோப்பைப் பார்த்துவந்த பயிற்சி மாணவர் மாறிவிட்டார் என்றார்கள். மின்தாக்கல் தளத்தின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னதும் எனக்கு உவப்பாக இல்லை. நேரில் போய் நானே உள்நுழைந்து கொடுத்தேன், தாக்கல் முடிந்ததும் மாற்றிவிட்டேன். மற்றபடி, கடைசித் தேதி செப்டம்பர் 15க்கும் பிறகு 16க்கும் தள்ளிப்போன அந்த ஆண்டில், ஊரே வரித்தளம் திறக்காமல் சுற்றுகிறது என்று புலம்பிக்கொண்டிருக்கையில் என் கணக்கு ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது.

இந்தச் சேவை எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு, 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை. ஆண்டுக்கு ஐந்தாறு லட்சம் வரவு உள்ள சேனலுக்கு 14,000 ரூபாய் கொடுத்துக் கழிவு தேடுவதில் பொருளே இல்லை. வருமான வரித்துறையின் தளத்தில் செலவில்லாமல் தாமே தாக்கல் செய்து, விளம்பரதாரர் பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெறலாம். அமெரிக்க வரியைப் பொறுத்தவரையிலும், இங்கே வரி பூஜ்யமானால் ஈடும் பூஜ்யம்தான். என் வரவே சற்றுக் கூடினாலும், செலவு போக 12 லட்சத்துக்குள் நிற்கும்வரை கழிவுகள் எனக்கு வரியில் ஒரு ரூபாயைக்கூட மிச்சப்படுத்தப் போவதில்லை. ஆனால், செலவுக் கணக்கு இல்லாமல் வருமானம் 12 லட்சத்துக்குள் என்று நிரூபிக்க முடியாது என்பதால் குறிப்பேடும் வவுச்சரும் தொடர வேண்டும். விளம்பர ஒப்பந்தங்கள் பெருகி, இணைப்புக் கமிஷன், இலவசப் பொருள், வெளிநாட்டு வரவு எல்லாம் கலந்து, 20 லட்சத்தை நெருங்குகிறவர்களுக்கே இத்தகைய அலுவலகம் பொருத்தம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அந்தக் குழப்பம் தீரும்வரை பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். இம்முறை படிவம் 67 பயனுள்ளதாக இருந்தால் மட்டும், கூடுதல் கட்டணம் இல்லாமல், தாக்கலாகும் என்றும், நான்கு தவணைகளுக்கும் பத்து நாள் முன்பே மின்னஞ்சல் வரும் என்றும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தேன்.